மிலிட்டரி அந்தோணியின் ரிவால்வர்

வியாழன், இரவு

இன்று ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டருக்கு இடது கையால் சல்யூட் அடித்துத் தொலைத்தேன். வலது கையில், ஒப்படைக்கக் கொண்டுபோன ரிவால்வர் இருந்த பை. எங்கள் வீட்டுப் பரணில், பீங்கான் பொம்மைப் பெட்டிக்குள் கிடைத்தது.

“யாருதுங்க?”

“சம்சாரத்தோட தாத்தாவுது சார். பர்மா சண்டைக்குப் போனவரு. ஊரே மிலிட்டரி அந்தோணின்னுதான் கூப்புடும்.” அளந்ததோடு நிற்காமல் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

“ஒரு குண்டு வெடிச்சிருக்குதே?”

“ஜப்பான்காரன் மேலதான் சார்.”

அவர் சிரிக்கவில்லை. “எந்த ரெஜிமெண்டுன்னு நாளைக்கு வந்து சொல்லுங்க.”

சாப்பிட்டதும் தாத்தாவின் மகளுக்கு, அதாவது மனைவியின் அத்தைக்கு, போன் போட்டேன்.

“ரெஜிமெண்டா? நல்லாருக்குது போங்க மாப்ள! அப்பா எந்தப் பட்டாளத்துக்குப் போனாரு? மங்கலம்பேட்டையில மிலிட்டரி ஓட்டல் வச்சிருந்தாரு.”