பாக் மன்சோரின் படகு

கோத்தா கோலா மூடா, 1943

அன்புள்ள அம்மாவுக்கு அம்மாசி வணங்கி எழுதுவது. கால்வீக்கம் வடிந்ததா? நான் சுகம். இதற்கு மேல் இளைக்க என்னிடம் சதை இல்லை. வாசித்துக் காட்டும் அக்கா சிரிக்க வேண்டாம்.

எங்களை ஜப்பான்காரர்களின் துணைக் கடற்படை என்கிறார்கள். படை உண்டு, கடலும் உண்டு, படகுதான் இல்லை. புதிது வாங்க வசதியில்லாததால், ரோந்துக்கும் பயிற்சிக்கும் மீனவர்களின் படகுகளையே மலிவாகப் பிடிக்கிறோம். போன வாரம் ஜப்பான் அதிகாரியோடு படகு பார்க்கப் போனேன். பாக் மன்சோர் என்ற மலாய்க்காரரின் படகில் தண்ணீர் ஏறிக் கிடந்தது. அதிகாரி வேண்டாமென்று நகர்ந்தார்.

பலகை இடுக்கில் அடைக்கும் பஞ்சு மணலில் கிடந்தது. படகு பறிபோகாமல் இருக்க பாக் மன்சோரே பிடுங்கியிருக்கிறார். புரிந்தும் என் வாய் அடங்கவில்லை. பஞ்சை மீசையாக வைத்துக்கொண்டு, "படகு நல்லாத்தான் இருக்கு துவான், மீசையைப் புடுங்கி அழ வச்சிருக்காங்க!" என்று அதிகாரியிடம் மலாயில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். படகை எடுத்துக்கொண்டார்கள்.

பாக் மன்சோர் திட்டவில்லை. "பண்டாய் லா நீ" என்றார். கெட்டிக்காரன் என்று அர்த்தம். அன்றிலிருந்து நான் அவர் வீட்டு வழியாகப் போவதில்லை.

என் பழைய சட்டையை அனுப்புங்கள். இந்த உடுப்போடு பாசாருக்குச் சாமான் வாங்கப் போகக் கூசுகிறது. கொஞ்சம் மரவள்ளி வற்றலும் வேண்டும்.

கருவாடு கேட்டிருந்தீர்கள். இனி அனுப்ப முடியாதம்மா. போன தடவை, "அம்மாவுக்கு அனுப்பு" என்று சும்மா கொடுத்தவர் அவர்தான்.

லாரி கிளம்புகிறது.

அம்மாசி