வாலுவின் வருகைப்பதிவு

அன்பு மகள் பாப்பாவுக்கு,

நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்குகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம்தான், அம்மாவின் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் அறையில் மழைத்தண்ணீர் ஒழுகுகிறது, கொத்தனார் இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று இழுத்தடிக்கிறார், நீ கவலைப்படாதே. மருத்துவக் கல்லூரியில் எங்கள் தரவுப் பிரிவுக்கு இந்தப் பருவம் மூச்சுவிட நேரமில்லை, பழைய பதிவுகளையெல்லாம் புது மென்பொருளுக்கு மாற்றினோம், ஒரே பெயர் இரண்டு தடவை இருக்கிறதா, மதிப்பெண் இடம் மாறிக் கிடக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. பிரிவுத் தலைவர் என்று பேர்தான், திட்டு வாங்குவதற்கென்றே போட்ட நாற்காலி.

அந்த மாற்றத்தில்தான் பாப்பா, போன வருஷம் நம்மை விட்டுப் போன உன் தம்பி வாலுவின் பெயர் பழைய கோப்பிலிருந்து வகுப்புப் பட்டியலில் திரும்ப ஏறிவிட்டது. மருந்தியல் பேராசிரியர் தலை நிமிராமல் பேர் கூப்பிடுகிறவர், வாலுவையும் கூப்பிட்டிருக்கிறார், பின்பெஞ்சிலிருந்து யாரோ உள்ளேன் சார் என்றிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் அம்மாவின் போனுக்குக் கல்லூரியிலிருந்து தானாகவே ஒரு செய்தி, உங்கள் மகன் இன்று எல்லா வகுப்புக்கும் வந்திருந்தார் என்று. அவள் அதைச் சத்தமாகப் படித்தாள். மாடியில் அவன் செருப்புச் சத்தம் கேட்கிற மாதிரியே இருந்தது, ஏறிப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன், சிரிக்காதே.

விசாரித்தால் வகுப்புத் தலைவி அழுதுகொண்டே சொல்கிறாள், அவன் வரலைன்னு சொல்ல எங்க யாருக்கும் வாய் வரல சார் என்று. ஆளுக்கொரு நாள் முறைபோட்டுக் குரல் கொடுத்திருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது எத்தனை கட் அடித்த பயல், இப்போது வகுப்பிலேயே முழு வருகை அவனுக்குத்தான்! எங்கள் பிரிவின் வருகைக் கணக்கு அலசலே அவனைப் பொறுக்கியெடுத்து, திங்கட்கிழமை முதல்வர் கையால் பாராட்டு வாங்குகிறவர்களோடு சேர்த்திருக்கிறது. என் பிரிவில் ஒருவரும் அதைத் தொட மாட்டேன் என்கிறார்கள், நீங்களே பாத்துக்குங்க சார் என்று ஆளாளுக்கு நழுவுகிறார்கள். பெற்றவன் கையால்தான் அழிக்க வேண்டுமாம்.

அம்மாவிடம் சொன்னேன். எனக்குத் தெரியாதா, நான் என்ன பைத்தியமா, ஆனா அந்த மெசேஜ் வந்தா அன்னிக்குச் சாயங்காலம் எப்படியோ ஓடிடுதுங்க என்றாள். ஆனாலும் நாளைக் காலை அவன் பெயரை எடுத்துவிடுவேன் பாப்பா, ஆஸ்பத்திரியில் யாருக்கு எந்த மருந்து என்ற பதிவும் எங்கள் கையில்தான் இருக்கிறது, என் பிள்ளைக்கு ஒரு பொய்யை விட்டுவைத்தால் நாளைக்கு யாரை நான் கேள்வி கேட்பது.

ஆனால் அதற்கப்புறம் சாயங்காலமானால் அவள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், எனக்குத் தெரியும். அந்த நேரத்துக்கு நீ ஒரு வரி அனுப்பு, வேலைக்குப் போனேன், வந்தேன், அது போதும். வேலை மும்முரத்தில் மறந்துவிடாதே கண்ணு. தனியாக வண்டி ஓட்டும்போது நிதானம். நீ எங்களுக்குப் பின்னாலும் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும், இனி எனக்கு வேண்டியது அந்த ஒன்றுதான்.

இப்படிக்கு,
உன் வரியை அம்மாவோடு சேர்ந்து எதிர்பார்க்கும்
அப்பா