தவளைமீனுக்குப் பத்தா, பதினொன்றா

மார்ச் 5, செவ்வாய்

மஞ்சள் பயல் இன்றைக்கு மூன்று குட்டி இறால் தின்றான். கட்டைவிரல் அளவு உடம்பு, அதில் பாதி வாய். வாங்கி ஒன்பது நாள்தான் ஆகிறது. வேலை முடிந்து வந்து ஆயர் ஈத்தாம் ஃபிளாட் கதவைத் திறந்தால் போதும், கை மாதிரி இருக்கிற துடுப்புகளை ஊன்றிக் கண்ணாடி ஓரத்துக்கு நடந்தே வருகிறான். விவாகரத்துக்குப் பிறகு இந்த வீட்டில் என்னைப் பார்க்க வருகிற ஒரே ஜீவன்.

வாங்கும்போதே, தவளைமீனில் இது எந்த இனம் என்று கேட்டேன். மீன்கடை சிக்கந்தர் அண்ணன் அடித்துச் சொன்னார்: "சின்ன சாதிதான் லா, தங்கச்சி. கையளவுக்கு மேல வளராது. உன் ரெண்டடித் தொட்டி தாராளம்."

மார்ச் 7, வியாழன்

கடல்மீன் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். பாலிக் புலாவில் இருக்கிற நல்லமுத்து, ஆறடித் தொட்டி வைத்திருக்கிற பெரிய மனுஷன், உடனே எழுதுகிறான்: "ஆண்ட்டி, இது ஜயண்ட். ஒரு அடிக்கு மேல வளரும். உங்க தொட்டியில செத்துப்போயிடும். எங்கிட்ட கொடுத்துடுங்க."

ஆண்ட்டியாம்! எனக்கும் அவனுக்கும் ஆறு வயசு வித்தியாசம் இருக்குமா? குட்டியில் இவை எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு இவன் எப்படித் தீர்ப்பு சொல்லலாம்? அதற்கு இருபது பேர் கட்டைவிரலைத் தூக்குகிறார்கள்.

கொடுக்கணுமாம். எதுக்குக் கொடுக்கணும்? முடியாது போ.

மார்ச் 9, சனி

தேடிப் படித்தேன். நிறத்தை நம்பக் கூடாது, மாற்றிக்கொள்ளும். கைத்துடுப்பில் இலை நரம்பு மாதிரி ஓடுகிற கோடுகளை எண்ண வேண்டும். சின்ன இனத்துக்குப் பெரும்பாலும் பத்து. ஜயண்டுக்குப் பெரும்பாலும் பதினொன்று.

எண்ணுவதா? என்னிடமா? பத்தொன்பது வருஷமாக ஃபேக்டரியில் சிப்புகளின் கால்களை எண்ணி எண்ணிப் பழுதானதைக் கழித்துப்போடுகிறவள் நான். நல்லமுத்து, வாடா பார்ப்போம்.

மார்ச் 10, ஞாயிறு

முதல் படம்: பதினொன்று. கொஞ்சம் கலங்கல். இரண்டாவது: பதினொன்று. பயல் அசைந்துவிட்டான். மூன்றாவதில் கடைசி இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. பத்து!

குழுவில் போட்டேன்: "பத்து. எண்ணியாச்சு. இன்னும் யாருக்காவது சந்தேகமா?" நல்லமுத்து எழுதினான்: "சரி ஆண்ட்டி."

ஜெயிச்சுட்டேன்.

மார்ச் 11, திங்கள்

ஜெயித்தேன்தான். அந்த மூன்றாவது படத்தைத்தான் திரும்பத் திறந்து பார்க்கவில்லை.

மார்ச் 14, வியாழன்

இன்று லைனில் காமினி ஒரு பழுதான சிப்பை மூன்று தரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு பாஸ் போட்டாள். பிடித்துக் கத்திவிட்டேன். "பாஸ் ஆகற வரைக்கும் எண்ணுவியா? இதுக்குப் பேரு செக்கிங்கா?" எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சொல்லி முடித்ததும் என் காதுதான் எரிந்தது. டாய்லெட்டில் போய் நின்றேன். நீ என்னடி பண்ணின, பிரமிளா?

மார்ச் 17, ஞாயிறு

ஃபேக்டரியில் ஒரு வழக்கம் உண்டு. சந்தேகம் வந்தால், முதல் ஆள் எண்ணியதைச் சொல்லாமல் இரண்டாவது ஆளை எண்ணச் சொல்ல வேண்டும். வேலையில் என் பக்கத்து நாற்காலி ரொஸ்னாவை வரச்சொன்னேன். நோன்பு மாதம், ஒரு கோப்பிகூடக் கொடுக்க முடியவில்லை. எனக்கு எந்த எண் வேண்டும் என்று மூச்சுவிடவில்லை. மூன்று படத்தையும் காட்டினேன்.

"பதினொன்னு," என்றாள்.

"மூணாவதுல?"

"அதுலயும் பதினொன்னுதான். ரெண்டு ஒட்டிக்கிட்டு இருக்கு. உன் கண்ணுக்கா தெரியல?"

தெரிஞ்சுது. அன்னிக்கே தெரிஞ்சுது.

அவள் போனதும் குழுவில் எழுதினேன்: "பதினொன்று. எனக்குப் பத்து வேண்டியிருந்தது, அதனால் பத்து என்று எண்ணிவிட்டேன். ஜயண்ட்தான்." சிரிக்கிற மூஞ்சிகள் வரிசையாக வந்து விழுந்தன. சிரிக்கட்டும். அதில் ஒருத்தனாவது தன் தப்பைத் தானே எழுதியிருப்பானா?

சிக்கந்தர் அண்ணன் போன் பண்ணினார். "எதுக்கு லா எழுதின? என் கடை பேரு என்னாவுறது?"

"அடுத்த தடவை எண்ணிட்டு வில்லுங்கண்ணே," என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 24, ஞாயிறு

நல்லமுத்து வாளியோடு வந்தான். நான் நினைத்த மாதிரி இளிக்கவில்லை. "நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது," என்றான்.

"எனக்குத் தெரியுமே. நீ கேட்டதுக்காகத் தரல, தம்பி. நான் எண்ணினதுக்காகத் தரேன்."

மூடியைப் போட்டுத் தூக்கிக்கொண்டு போனான். தொட்டி விளக்கை அணைக்க மனசு வரவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

எட்டரை மாதம் வீம்பாக இருந்துவிட்டு இன்று பஸ் ஏறி பாலிக் புலாவ் போனேன். பயல் மஞ்சள் போய்ப் பழுப்பாகிவிட்டான். என்னை அடையாளம் தெரியவில்லை. தொட்டிக்குள் நல்லமுத்து இருந்த பக்கமே வாயைப் பிளந்துகொண்டு நின்றான் பயல். அவர்கள் வீட்டு ஹாலிலேயே அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடிமேல் கையை விரித்து வைத்து அளந்தேன். ஒரு சாண், இரண்டு விரல். நல்லமுத்து ஒன்றரைச் சாண் என்று சாதிக்கிறான். விட்டுவிடுவேனா? அடுத்த மாதம் டேப்போடு போகிறேன்.