உன் எஞ்சின் துக்கத்தில் நிற்கவில்லை

என் கூடப்பிறந்த தம்பி செல்வராசுவுக்கு,

உன் படத்தில் தொங்கிய மாலையைப் பிய்த்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கோபப்படாதே. பிளாஸ்டிக் மாலை. சிவப்பும் பச்சையுமாக மின்னுகிற பல்பு வேறு. 

நீ போய் வருஷம் திரும்பியதற்குப் பேப்பரில் உன் படம் போட வேண்டும் என்று என் மகன் முருகேசன் ஒரு வாசகம் தயார் செய்து வைத்திருந்தான். "எஜமான் மூச்சு நின்ற நொடியில் தன் மூச்சையும் நிறுத்திய எஞ்சின்." அந்த வாசகம் வர இருந்த இடத்தில்தான் இந்தக் கடிதம் வருகிறது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது. தப்பு இருந்தால் பேத்தி கவிதா திருத்தித் தருகிறேன் என்றாள். வேண்டாம், தப்போடு போகட்டும், பொய்யோடு போகவேண்டாம் என்றேன். அவள் பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கே முதலாக வந்திருக்கிறாள், தெரியுமா உனக்கு? இந்த மலையில் நான் யாரிடம்தான் சொல்லாமல் விட்டேன்?

உனக்குத் தெரிந்ததுதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். டீ ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்துவிட்டு வந்த நீ, மலைமேல் நம் சித்திரபுரம் வீட்டின் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, அதில் ஒரு பழைய கடைசல் லேத்தை வைத்து, வெற்றிலைப் பெட்டி அளவில் ஒரு பெட்ரோல் எஞ்சின் செய்தாய். பொம்மை இல்லை. உள்ளே நிஜமாகவே நெருப்புப் பிடித்து, பிஸ்டன் போய் வந்து, பக்கத்துக்கு ஒன்றாகச் சாஸர் அளவு சக்கரம் சுற்றும். உடைந்த வால்விலிருந்து பித்தளை. தைல டப்பாவில் பெட்ரோல் டாங்கி. பிஸ்டன் ரிங்கை இரும்பில் கடைந்து எடுத்து, அதை மாட்டுகிற நேரம் பட்டென்று உடைத்துவிட்டு, சோறு வேண்டாம் என்று படுத்துக்கொள்வாய். உன் இரும்புத் தூள் என் ரசத்தில்கூட மிதந்திருக்கிறது. அதற்கு உன்னைத் திட்டியதற்கெல்லாம் இப்போது நான் வருத்தப்படவில்லை. திட்டவேண்டியதுதான்.

அது ஓடுகிற விதமே தனி. டப் என்று ஒரு தடவை வெடிக்கும். அப்புறம் வெடிக்காமல் புஸ் புஸ் என்று மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு சுற்றும். வேகம் குறைந்ததும் மறுபடி ஒரு டப். பார்க்க வந்தவர்கள், "என்ன அண்ணாச்சி, மிஸ் அடிக்கு?" என்று கேட்டால், "மிஸ் அடிக்கல, தேவப்படுத நேரத்துக்கு மட்டும் தின்னுது, உன்னைய மாதிரியா?" என்பாய். ஒரு நாள் நான் அதைத் துடைத்துச் சாமி அலமாரியில் வைக்கப் போனபோது என்ன சொன்னாய்? "ஓடலேன்னா அது எஞ்சின் இல்லக்கா, பேப்பர் வெயிட்டு."

நீ போன பிறகு நான் கொட்டகைப் பக்கமே போகவில்லை. போக முடியவில்லை. முருகேசன் கீழே சமவெளியில் கோபாலபுரத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு மேலே வந்து, நம் வீட்டின் முன்பக்கத்தை ஹோம்ஸ்டே ஆக்கினான். நல்லதுதான், வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும் என்று நினைத்தேன். ஆயுத பூஜை கழிந்த கொஞ்ச நாளில், "மாமா எஞ்சின் நின்னுபோச்சும்மா, சக்கரமே சுத்தல" என்று வந்து சொன்னான். தங்க வந்த மலையாளத்துக்காரர் ஒருத்தர், "ஆள் போனது அதற்கும் தெரிந்திருக்கிறது" என்று சொன்னாராம். அந்தப் பேச்சு இவனுக்கு இனித்துவிட்டது.

எஞ்சினுக்குக் கண்ணாடிப் பெட்டி வந்தது. முன்வாசலில் மேசை வந்தது. பெட்டிக்கு முன்னால் ஊதுபத்தி. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். ஒரு பெண் கண்ணீர் விட்டாள். உன்னை ஒரு நாளும் பார்த்திராதவள். உன் லேத்தின் மேல் அவர்களுடைய ஈர டவல் காய்ந்தது, செல்வராசு. இதற்கு நான் என்ன பேர் வைக்க?

உன் திதிக்கு முந்தின நாள்தான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். உன் கை பட்ட சாமான், ஒரு தடவை துடைக்கலாம் என்றுதான். எண்ணெய் விடுகிற குப்பிக்குள் வெள்ளையாக ஏதோ கட்டியாக இருந்தது. விரலை விட்டு எடுத்தால் வெண்ணெய் மாதிரி வருகிறது. மோந்து பார்த்தேன். என் தலைக்குத் தேய்க்கிற அதே வாசனை. தேங்காயெண்ணெய்! இந்தக் குளிரில் தினமும் எண்ணெய்ப் பாட்டிலை அடுப்போரம் வைத்து உருக்குகிற எந்தப் பொம்பளைக்கும் அது தெரியும்.

மருமகள் சுமதியைக் கூப்பிட்டேன். கோபாலபுரத்துப் பெண், மேலே வந்து ஒரு மாதம் ஆகுமுன்னே அந்த ஆயுத பூஜை. குப்பிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க அத்தை, பூசை முடிஞ்சு வெளக்குல எண்ணெ மிஞ்சிக் கெடந்துச்சுங்க. சாமி எண்ணெய கீழ கொட்டக்கூடாதுன்னு எங்கூட்ல மில்லு மோட்டாருக்குத்தான் ஊத்துவாங்க. அப்புடியே உங்க தம்பி எஞ்சினுக்கும் எல்லா ஓட்டையிலும் ஊத்திப்போட்டனுங்க. எங்கூருல எண்ணெ உறையாதுங்களே."

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சூடாக ஊற்றியிருக்கிறாள், விடிவதற்குள் உள்ளே கட்டியாகிவிட்டது. பக்தியில் செய்த காரியம். அவ்வளவுதானே என்று முருகேசனிடம் சிரித்துக்கொண்டே போய்ச் சொன்னேன், "ஏல, உன் மாமன் எஞ்சின் துக்கத்துல ஒண்ணும் நிக்கல, தேங்காயெண்ணெயில நிக்கி" என்று.

அவன் சிரிக்கவில்லை. "தெரியும்மா" என்றான்.

"என்ன தெரியும்?"

"அப்பவே தெரியும். சுரண்டிப் பாத்தேன். இருக்கட்டும், விடு. ஓடுனா யாரு பாக்கா? நின்னாத்தான ஆளு வருது."

 நான் பெற்ற பிள்ளை. உன் மடியில் உட்கார்ந்து அரம் பிடித்த பிள்ளை. நீ ஓடவைக்கப் பாடுபட்டதை, ஓடாததைக் காட்டி அவன் பிழைக்கிறான். இனி ஊரில் உன் பெயர் என்ன? எஞ்சின் செய்தவனா, நின்றுபோன எஞ்சினுக்குச் சொந்தக்காரனா? உன்னை நினைத்து அழத் தெரியாமல்தான் எல்லோரும் ஒரு இரும்பை அழவிட்டுப் பார்க்கிறார்களா?

மறுநாள் விடிந்ததும் எஞ்சினை அடுப்படிக்குத் தூக்கி வந்தேன். சுமதி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் நிற்கிற தொட்டியில் சுடச்சுட ஊற்றி ஊற்றி மாற்றினோம். உருகி வழிந்தது உன் எஞ்சின் துக்கமெல்லாம். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, பிளக்கைத் துடைத்து, சரியான ஆயில் போட்டு, பெட்ரோல் விட்டோம். பேட்டரி கவிதாவின் ஸ்கூட்டரிலிருந்து. சக்கரம் சுற்றுவது எப்போதும் என் வேலைதானே, சுற்றினேன். ஒன்றுமில்லை. சுற்றினேன். கை வலித்தது. உன்னைக் கெட்ட வார்த்தையில் ஒரு தடவை திட்டிவிட்டுச் சுற்றினேன். டப்.

புஸ் புஸ் புஸ். டப்.

தங்கியிருந்தவர்கள் பல் துலக்கிய நுரை வாயோடு ஓடி வந்தார்கள். நான் அந்த வெள்ளைக் கட்டியைத் தட்டில் வைத்துக் காட்டினேன். இதுதான் காரணம், பாருங்கள், தேங்காயெண்ணெய் என்று தமிழிலும் சொன்னேன், தெரிந்த மலையாளத்திலும் சொன்னேன். யார் தட்டைப் பார்த்தார்கள்? ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சேச்சி தொட்டப்போ ஜீவன் வந்நு!" கை முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம். அதையும் பன்னீர் மாதிரி மோந்தாள்.

சாயங்காலம் கவிதா போனைக் கொண்டுவந்து காட்டினாள். காலையில் யாரோ எடுத்துப் போட்ட வீடியோ. அக்கா தொட்டதும் உயிர்த்தெழுந்த எஞ்சினாம். அதற்குக் கீழே ஊரே கைகூப்பியிருக்கிறது. திதிச் சோற்றைப் பிசைந்தவள் அப்படியே வைத்துவிட்டேன். முருகேசனுக்கு முகமெல்லாம் பல். "அம்மா, இனி ஆளுங்க வாரப்பல்லாம் நீ ஒரு தடவ வந்து தொட்டாப் போதும். வெள்ளச் சேல கட்டிக்க."

"நான் என்ன கோயில் யானையால, தொட்டு ஆசீர்வாதம் பண்ண?"

"உனக்கு எல்லாமே கேலிதாம்மா. நம்ம பொழப்ப நெனச்சிப் பாரு."

"பொழச்சிக்கோ. ரூம கூட்டு, இட்லிய சூடா குடு, பொழச்சிக்கோ. எந்தம்பி சாவ எலையில வெளம்பாத."

அவன் இரண்டு வாரமாக என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். கண்ணாடிப் பெட்டியை அவன் கண்ணெதிரிலேயே சுமதி கோழிக்குஞ்சுகளுக்குக் கொண்டுபோய்விட்டாள். என்னைவிடத் தைரியக்காரி. எஞ்சின் இப்போது சமையலறை வாசல் திண்டில் நிற்கிறது, எல்லோர் கால் இடிக்கிற இடத்தில். தினமும் காலையில் ஓட்டுகிறோம். முதல் வாரம் வந்தவர்கள் கும்பிட்டார்கள்; இப்போது வருகிறவர்கள், "சேச்சி, ஒந்நு நிர்த்தாமோ, உறங்ஙணும்" என்கிறார்கள், தூங்க வேண்டுமாம். அந்த முகச்சுளிப்பைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது தெரியுமா?

தம்பி, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் எஞ்சினை நான் பத்திரமாக வைத்துக்கொள்ள மாட்டேன். ஓட்டிக்கொண்டே இருப்பேன். எனக்குப் பிறகு சுமதி ஓட்டுவாள், அவளும் சக்கரம் சுற்றப் பழகிவிட்டாள். ஓட ஓட ரிங் தேயும், வால்வு தேயும், புதிதாகச் செய்ய உன்னைப் போல் எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் நிச்சயம் நிற்கும். அன்றைக்கு எவனாவது வந்து ஏன் நின்றது என்று கேட்டால், தேய்ந்து போய் நின்றது என்று சொல்வோம். அதற்கு மேல் ஒரு சொல் சொல்ல மாட்டோம்.

உனக்குச் சக்கரம் சுற்றிக் கொடுத்த கையோடு,
உன் மூத்தவள்,
வள்ளியம்மா அக்கா