நவம்பர் ஒன்றாம் தேதிவரை

கம்பம்மெட்டு,
18-8-1956

அன்புள்ள அக்காவுக்கு, கமலாத்தாள் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே மழை விடவில்லை. ஏலக்காய் காயவே மாட்டேன் என்கிறது. நாலு பிள்ளைகளும் மாற்றி மாற்றி இருமுகின்றன.

எனக்கு மறுபடியும் இரண்டு மாதம். போன பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் கிடந்தபோது கம்பத்து டாக்டரம்மா சொன்னது நினைவிருக்கும். "இன்னொண்ணு சுமந்தா உசுருக்கு நான் பொறுப்பில்ல." கலைத்துவிடலாம் என்றால் இவர், "ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போகோணுமா?" என்கிறார். அலுத்துவிட்டது, அக்கா. நான் என்ன செய்ய?

தங்கை,
கமலாத்தாள்

பெருமாட்டி,
27-8-1956

கண்ணு கமலத்துக்கு,

உன் கடிதம் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவசரப்பட்டு மருத்துவச்சியிடம் போய்விடாதே. உன் மச்சானைக் கேட்டேன். "நவம்பர் ஒண்ணாந் தேதி நம்ம சீமையும் கமலம் இருக்கிற மலையும் கேரளம் ஆகுது. சட்டமெல்லாம் மாறுமாம்" என்கிறார். எனக்கும் அது சரியென்றே படுகிறது. பாலக்காடு மெட்ராஸ் ராஜ்யம், அங்கே கள் குடித்தால் ஜெயில். எல்லை தாண்டி நம் பக்கம் வந்தால் கடையே திறந்திருக்கிறது. கள்ளுக்கு அப்படியென்றால் இதற்கும் இருக்காதா? இரண்டு மாதம் பொறுத்துக்கொள். அக்கா சொன்னால் கேட்பாய்தானே?

நாச்சம்மாள்

பெருமாட்டி,
9-11-1956

கமலம்,

கேரளம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்கள். டாக்டரம்மாவைப் பார்த்தாயா? ஏன் ஒரு வரிகூட இல்லை? மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

நாச்சம்மாள்

கம்பம்மெட்டு,
21-11-1956

அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடி பொறுத்திருந்து, போன வாரம் கம்பத்துக்குப் போனேன். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "தாய் உசுருக்கு ஆபத்துன்னா செய்யலாம்னு முன்னாடியே இருக்கும்மா. மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே சட்டந்தான். ஆகஸ்டுல வந்திருந்தா நானே செஞ்சிருப்பேன். இப்ப அஞ்சு மாசம். கை வச்சா மேசையிலயே போயிருவ."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது, அக்கா. அதை வைத்துச் சண்டை போடத் தெம்பில்லை. நானும் ஒரு நடை போய்க் கேட்டிருக்கலாம். நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று சின்ன வயதிலிருந்தே பழகிவிட்டேன்.

இனிமேல் எனக்கு யோசனை எழுத வேண்டாம். பிரசவத்துக்கும் வர வேண்டாம். பங்குனியில் பிழைத்துக் கிடந்தால் நானே எழுதுகிறேன். இல்லாவிட்டால் இவர் எழுதுவார். அப்போது வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். சின்னவளுக்கு இருட்டென்றால் பயம். பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கமலாத்தாள்