பஞ்சுக் குண்டு

இன்று காலை ஒரு பழைய தலையணையை வெட்டிப் பிரித்தேன். முன்வீட்டுக் குழந்தைக்கு முதலாவது பிறந்தநாள். துணியில் ஒரு யானை தைத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன், யானைக்கு வயிறு நிரப்ப இலவம் பஞ்சு வேண்டும். கத்தரிக்கோலை வைத்ததும் பஞ்சுத் தூள் கிளம்பி மூக்குக்குள் ஏறியது. அந்தக் காய்ந்த, புழுங்கிய வாசம். அடுத்தடுத்துத் தும்மினேன். தும்மி முடித்துவிட்டு, "ஆரோ உங்களைத் திட்டுகினம் அக்கா" என்று நீ சொல்வாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, நீ இல்லை.

எனக்கு இன்னும் இது விளங்கவில்லை பிள்ளை. எத்தனை சென்றிச் சோதனை, எத்தனை பொலிஸ் பதிவு, எத்தனை தரம் பையைத் திறந்து காட்டினாய். அதையெல்லாம் தாண்டி வந்தவளைக் கடைசியில் ஒரு நுளம்பு கொண்டுபோய்விட்டது. பூச்சாடித் தட்டில் தேங்கின தண்ணீரில் பிறந்த நுளம்பு. சும்மா காய்ச்சல், பனடோல் போட்டிருக்கிறேன் என்றாய். அடுத்த கிழமை உன்னைப் பெட்டியில் பார்த்தேன். இந்தச் சண்டைக் காலத்தில் இப்படியும் ஒரு சாவா என்று உன்னிடமே கேட்கவேண்டும் போல இருக்கிறது. கேட்டால், "ஓம் அக்கா, எனக்கும் வெக்கமாத்தான் கிடக்கு" என்பாய்.

நாம் பழகியதே ஒரு இழுபறியில்தான். புறக்கோட்டையில் துண்டுத் துணி விற்கிற கடையில் ஒரே லேஸின் ஒரு நுனி உன் கையில், மற்ற நுனி என் கையில். இரண்டு பேரும் விடவில்லை. பாதி பாதியாக வெட்டித் தரட்டுமா என்று கடைக்காரன் சிங்களத்தில் கேட்டான். உனக்கு விளங்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாய். "முழுசையும் இந்த அக்காவுக்குக் குடுக்கச் சொல்றான்" என்றேன். நீ உடனே கையை விட்டுவிட்டாய். இப்படியும் ஒருத்தி கொழும்பில் பிழைக்க வந்திருக்கிறாளே என்று எனக்கே பாவமாகிவிட்டது. லேஸில் பாதியை வெட்டித் தந்து, தேத்தண்ணியும் வாங்கித் தந்தேன்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். ஐந்தாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கோபம், இன்னும் சமாதானமாகவில்லை. நீ யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் அறை எடுத்திருந்தாய். புருஷன் கட்டாரில், இடுப்பில் ஒரு மகள். அதன் பிறகு உன் பக்கத்திலோ என் பக்கத்திலோ ஒரு பிள்ளைக்கு விசேஷம் என்றால் எங்கள் மெஷின் ஓடும். பிறந்தநாள் சட்டை, பள்ளிக்கூடக் கலைவிழாவுக்கு வண்ணத்துப்பூச்சிச் செட்டை, கேக் மேசையைச் சுற்றிக் கட்டக் கடதாசிப் பூ, துணிப் பொம்மை. வெட்டுவது நான், அழகாக்குவது நீ.

சட்டையின் கீழ் ஓரத்துக்கு நீ வைக்கும் அந்த உருண்டைகளுக்குத்தான் பெயர். சாட்டினை வட்டமாக வெட்டி, விளிம்பைச் சுற்றி நூல் ஓட்டி, நடுவில் ஒரு கிள்ளுப் பஞ்சு வைத்து நூலை இழுப்பாய். நெல்லிக்காய் மாதிரி உருண்டு வரும். நாங்கள் அதைப் பொம்பொம் என்போம். உங்கள் வீட்டில் அதற்குப் பெயர் குண்டு. "இருங்கோ, குண்டு கட்டிப்போட்டு வாறன்" என்பாய். ஊரை விட்டு ஓடி வந்தும் குண்டு கட்டுற வேலைதானா என்று நான் சிரிப்பேன். நீ முகத்தை நீட்டுவாய். அறைக்குள் இருந்தவரைக்கும் அது பகிடி.

என் தம்பியின் மகளுக்கு முதல் நன்மை வந்தது, மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைச் சாட்டினில் சட்டை, ஓரம் சுற்றிவர உன் குண்டு. ஒருவருக்கும் காட்டாமல் கோயிலடியில் வைத்துப் பிள்ளைக்குப் போடவேண்டும் என்பது உன் ஆசை. மகளையும் கூட்டிக்கொண்டு தொலைபேசிக் கடைக்குப் போய், என் பக்கத்து வீட்டுக்கு அழைத்தாய்.

"அக்கா, குண்டு எல்லாம் கட்டி முடிஞ்சுது. ஞாயிற்றுக்கிழமை விடிய நானே கோயிலுக்குக் கொண்டு வாறன். ஒருத்தருக்கும் முதலே சொல்லிப்போடாதேங்கோ."

நான் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னேன். லைன் அறுந்தது. வழக்கம்போலத்தான் என்று வீட்டுக்கு வந்து மீன் கழுவினேன்.

தமிழில் வேறு ஒரு சொல்லும் தெரியாதவர்களுக்கும் அந்த ஒரு சொல் தெரிந்திருந்த காலம் அது. வரிசையில் உனக்குப் பின்னால் நின்றவனுக்கும் தெரிந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் உன் வீட்டுக்காரம்மா பக்கத்து வீட்டுக்கு அழைத்து என்னைக் கூப்பிட்டார். உன்னைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது, பிள்ளை தன்னிடம் நிற்கிறது, கோயிலுக்குக் குண்டு கொண்டுபோகப் போவதாகப் போனில் சொன்னாளாம் என்றார். வாய் மூடாதவள் என்று தெருவெல்லாம் பெயர் எடுத்தவள் நான். அன்றைக்கும் வாய் திறந்தபடிதான் நின்றது.

உன் அறையிலிருந்து சட்டையை எடுத்துக்கொண்டு பொலிசுக்கு ஓடினேன். சார்ஜன்ட் முன்னால் மேசையில் அதை விரித்து, இதுதான் மாத்தயா அந்தக் குண்டு என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு பெண் பொலிசைக் கூப்பிட்டார். அவள் கத்தரிக்கோலோடு வந்து உட்கார்ந்து ஒவ்வொரு குண்டாக வெட்டிப் பிரித்தாள். ஒன்றைப் பிரித்தால் போதாதா என்று கேட்டேன். மற்றதில் இருந்தால் என்ன செய்வது என்று அவள் திருப்பிக் கேட்டாள். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நியாயம். அந்த நியாயம்தான் என்னை உலுக்கியது.

பஞ்சு எழும்பி அந்த அறையெல்லாம் பறந்தது. உன்னை உள்ளேயிருந்து கூட்டி வந்தார்கள். தலைமயிர் குலைந்து, ஒரு காலில் மட்டும் செருப்பு. நீ என் பக்கம் திரும்பவே இல்லை. மேசையில் கிடந்த சாட்டின் துண்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாய். அதற்குள் சார்ஜன்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்றவர்களுக்கும் கூப்பிட்டுச் சொன்னார், அவர்களும் சிரித்தார்கள். இவள் உனக்கு என்ன முறை என்று என்னிடம் கேட்டார். "மகே நங்கி" என்றேன், என் தங்கச்சி. உன் பதிவுத் துண்டைப் பார்த்து, எங்கெங்கோ போன் பேசி, பொழுது சாயத்தான் விட்டார்கள். விடும்போது, தங்கச்சிக்குச் சொல்லிவை, இனிமேல் அதற்குப் பூ என்று பெயர் வைக்கட்டும் என்றார்.

காலி வீதிக்கு வந்ததும், பயம் போகட்டும் என்று நான் என் வழமையான வேலையைத் தொடங்கினேன். "இவ்வளவு கட்டியும் ஒண்டாவது வெடிச்சுதா? கெட்ட தையல்காரி" என்றேன்.

"அக்கா, மெல்ல" என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி மகள் ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்த சட்டையோடு நன்மை எடுத்தாள். முழங்கால் தெரிகிறது என்று சிஸ்டர் முறைத்தார். நீ கோயிலுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகும் நீ அந்த உருண்டைகளைக் கட்டினாய். பெயர் மட்டும் பூ. பூ என்று சொல்லும்போது சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி ஒரு கணம் நிற்பாய். பிறகு வெளியே மற்றத் தமிழ்ச் சொற்களும் ஒவ்வொன்றாகப் போயின. கடையில் தேத்தண்ணி சுட்டால் "சுடுது" என்று சொல்லமாட்டாய், கையை உதறிக்கொண்டு இருப்பாய். பஸ்ஸில் மகள் "அப்பா எப்ப வருவார்" என்று கேட்டால் பதில் வராது. அம்மா என்று கூப்பிட மட்டும் விட்டிருந்தாய், அதற்கு இரண்டு பாஷையிலும் ஒரே சொல். தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கு மூன்று பேரும் போனோமே, நினைவிருக்கிறதா? கூட்டுக்கு முன்னால் நின்று மகள், "அம்மா, புலி!" என்று துள்ளினாள். நீ அவள் வாயைப் பொத்தினாய். "பெரிய பூனை" என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. உன் கைக்கு மேலால் அந்தப் புலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாளுக்கு முதல் நாள், ஆட்கள் பார்க்க விடுகிற நேரம். மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். காய்ச்சலில் நீ எங்களை அடையாளம் காணவில்லை. ஆனால் கதைத்தாய். எத்தனையோ வருஷமாகக் காதுக்குள் கதைத்தவள், வார்ட் முழுவதும் கேட்கக் கதைத்தாய்.

"அக்கா, குண்டு காணாது. இன்னும் குண்டு கட்டவேணும். பஞ்சு எங்க வச்சனீங்கள்?"

பக்கத்துக் கட்டில்கள் திரும்பின. நான் அசைய முதல், மகள் கட்டிலில் ஏறி உன் வாயைப் பொத்திவிட்டாள். பத்து வயதுப் பிள்ளை.

"அம்மா, அது பூ. பூ எண்டு சொல்லுங்கோ."

அந்தச் சின்னக் கை நடுங்கவில்லை பிள்ளை, நல்லாகப் பழகின கை மாதிரி இருந்தது.

அந்தக் கையைப் பிடித்து எடுத்தேன். "விடுங்க மகள். அம்மா சொல்லட்டும்" என்றேன். நீ திரும்பவும் சொன்னாய், திரும்பத் திரும்பச் சொன்னாய். பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மா, என்ன கேட்கிறாள் என்று என்னிடம் கேட்டார். பிள்ளையின் சட்டைக்குத் தைக்கப் பஞ்சு கேட்கிறாள் என்றேன். "அனே" என்று அவர் தன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

உன் புருஷன் வந்து பேப்பர் வேலையெல்லாம் முடியும்வரை மகள் என்னோடு இருக்கிறாள். அடுப்படியில் உப்புக் கேட்பதென்றாலும் காதருகில் வந்துதான் கேட்கிறாள். நீ வட்டம் வெட்டுகிற முறையை அவளுக்குக் காட்டிக் கொடுக்கிறேன். உன் அளவுக்கு உருளவில்லை, கத்தரிக்காய் மாதிரி நீளுகிறது, அதைச் சொல்லிச் சீண்டினால் முகத்தை நீட்டுகிறாள். இதற்கு அம்மா வைத்த பெயர் என்ன என்று தினமும் கேட்பேன். தலையைக் குனிவாள். நேற்றுக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"குண்டு" என்றாள், வாய் நிறைய.

சொன்ன கையோடு யன்னலைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.