பதினொரு செக்கன்

தேத்தண்ணி இன்னும் ஆவி விடுகிறது, தங்கச்சி. அதற்குள் வேலை முடிந்துவிட்டது. நாளைக்கு எந்த லொறியில் யாருடைய வாழைக்குலை ஏற வேண்டும் என்ற அதே பட்டியல்தான். பதினொரு செக்கன் எடுத்தது. நீ இருந்தபோது ஒன்றரை மணித்தியாலம்.

அவ்வளவு நேரமும் நீ ஒபிஸில் என் மேசைக்குப் பக்கத்து மேசையில் தனியே இருந்தாய். நாலு மணிக்கு, கணினியில் நான் எழுதி வைத்த ஸ்கிரிப்றை ஓடவிட்டு நான் வீட்டுக்குப் போய்விடுவேன். அது கொழும்பு சேர்வரில் கிடக்கும் பதிவுகளை ஒவ்வொன்றாக நீர்வேலிக்கு இழுத்து வந்து, இங்கே வைத்துக் கூட்டும். லைன் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் ஓராள் காவல். நீ குருநகர் போய்ச் சேர இருட்டிவிடும்.

எத்தனை தரம் சொன்னாய்! "அண்ணை, குலையைத் தோட்டத்திலை நிண்டே எண்ணலாமெல்லோ? ஏன் எல்லாத்தையும் காவிக்கொண்டு வந்து எண்ணுறியள்? டேற்றாபேசுக்குள்ளையே புரொசீஜரா எழுதி வைப்பம். அது அங்கையே கூட்டி, முடிவை மட்டும் அனுப்பும்."

"என்ரை ஸ்கிரிப்றிலை கை வைக்காதை" என்றேன். ஏழு வருடமாகப் பிழை விடாத ஸ்கிரிப்ற் என்ற கொழுப்பு எனக்கு. நீ சிரித்தாய். "சரி, உங்கடை செல்லப்பிள்ளைக்கு நானே காவல் இருக்கிறன்."

பிறகு டெங்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் நீ இல்லை.

உன் கணினியை ஒதுக்கும்போதுதான் கண்டேன். அந்தப் புரொசீஜரை முழுதாக எழுதி, ஓட்டியும் பார்த்து வைத்திருந்தாய். மேலே ஒரு குறிப்பு: "அண்ணை ஓம் எண்டால் போடலாம்." ஐயோ, அந்த ஒரு ஓம் சொல்ல எனக்கு வாய் வரவில்லையே! பிறகும் கன நாள் அதைத் தொட மனம் வரவில்லை. இன்றுதான் கொழும்பு சேர்வரில் ஏற்றினேன். ஓர் எழுத்துக்கூட மாற்றத் தேவைப்படவில்லை.

போன ஞாயிறு உன் முப்பத்தோராம் நாள் பூசை. கோயில் வாசலில் உன் மகள் என் கையைப் பிடித்தாள். "மாமா, அம்மா ஏன் ஒவ்வொரு நாளும் பிந்தி வந்தவ? நான் கேற்றடியிலை பாத்துக்கொண்டு நிக்கிறனான்."

"ஒபிஸிலை சரியான வேலை, பிள்ளை" என்றேன். அவள் நம்பிவிட்டாள். எட்டு வயது, நம்பாமல் என்ன செய்வாள்?

வளர்ந்து திரும்பக் கேட்பாள், தங்கச்சி. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்: உன் அம்மாவை மறித்து வைத்திருந்தது வேலை இல்லை, பிள்ளை, நான்.